மூக்காயியின் மனு நிலுவையில் உள்ளது

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் காடு ஓரிடத்தில் நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. மரம், குளம், புற்று, அலுவலகம், அலுவலகத்துக்குள் தூங்கிய ஆமை எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. ஆகவே, ஒரு காட்டில், அதாவது அது அப்போதைக்கு இருந்த இடத்தில், என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போய்ப் பார்த்துவிட்டுக் காடு அங்கே இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

நான் சொல்வது ஏறக்குறைய ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய சங்கதி. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனித்தனியாக வண்ணம் அடிக்கிற தெற்குக் கண்டங்கள் எல்லாம் அதற்கும் முன்னால் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. கோண்டுவானா என்று அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர். எல்லாக் கூட்டுக் குடும்பத்தையும் போல அதுவும் உடைந்தது. ஆப்பிரிக்கா போனது, அண்டார்டிகா போனது, கடைசியாக மடகாஸ்கரும் கோபித்துக்கொண்டு போனது. இந்தியா மட்டும் ஒரு சின்னத் துண்டு நிலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வடக்கே கிளம்பியது. அந்தத் துண்டில் மிஞ்சியதைத்தான் இப்போது செஷல்ஸ் தீவுகள் என்கிறார்கள். அப்போது அதற்குத் தனிப் பெயர் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

மனிதன் அப்போது இல்லை. ஆனாலும் அலுவலகம் இருந்தது. அலுவலகம் நடத்த மனிதன் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஓடைக்கு இந்தப் பக்கம் மூக்காயி என்றொரு தவளை இருந்தாள். ஊதா நிறம், பிசைந்து வைத்த மாவு உருண்டை போல உடம்பு, பன்றிக்கு இருப்பதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. தவளை என்றால் தாவும் என்று நினைப்பீர்கள். இவள் இனத்தில் தாவுகிற வழக்கமே இல்லை. பின்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி. அவற்றால் தோண்டிக்கொண்டு பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடுவாள். கறையான் தின்றுகொண்டு வருஷம் முழுக்க உள்ளேயே கிடப்பாள். வருஷத்தின் முதல் மழை பெய்கிற அந்த ஒரு நாள் மட்டும் மேலே வருவாள். முட்டை இடுவது, உறவு பார்ப்பது, ஊர் வம்பு கேட்பது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் முடிய வேண்டும். சாயங்காலம் மறுபடி மண்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா, அழகாயி. ஓடைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். முதல் மழையன்று இருவரும் ஓடைக்கரைக்கு வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு வருஷத்துப் பேச்சையும் பேசித் தீர்ப்பார்கள்.

ஒரு வருஷம் மூக்காயி வந்து பார்த்தபோது ஓடையில் தண்ணீர் இல்லை. ஓடையின் நடுவே நீளவாக்கில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. விரற்கடை அகலம்தான். பெய்கிற மழை எல்லாம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இது போன வருசம் இல்லையே" என்றாள் அழகாயி.

"நண்டு தோண்டியிருக்கும்க்கா" என்றாள் மூக்காயி.

அடுத்த வருஷம் நாலு விரற்கடை. எட்டிக் கை நீட்டினால் அக்காவின் விரல் நுனி தொட்டது. அதற்கடுத்த வருஷம் ஒரு சாண். தொடவில்லை.

"நண்டு இல்லட்டி இது" என்றாள் அழகாயி. "உங்க அத்தான் போன கோடையிலே போய்ச் சேர்ந்துட்டாரு. ஒத்தையிலே கிடக்கேன். நான் நம்ம வீட்டுக்கே வந்திருதேன். எப்படியாவது என்னை அங்கிட்டு எடுத்துரு."

தாவத் தெரியாத இரண்டு தவளைகளுக்கு ஒரு சாண் என்பது ஒரு கடல்தான். ஆனால் வழி இருந்தது. மூக்காயி நின்ற கரையில் ஓர் ஊசியிலை மரம், வேர் பாதி வெளியே தெரிய, விரிசல் பக்கம் சாய்ந்து நின்றது. யாராவது ஒரு தள்ளுத் தள்ளினால் குறுக்கே விழுந்து பாலமாகிவிடும். தள்ளுவதற்கு ஆளும் இருந்தார். நெட்டைக்கழுத்தார் என்று அந்தக் காட்டின் பெரிய மனுஷர். முப்பது முழம் கழுத்து, அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மூளை. அவர் தும்மினாலே மரம் விழும். மூக்காயி அவர் காலடியில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கழுத்தைக் கீழே இறக்கி மரத்தைப் பார்த்தார். "வெள்ளை வட்டம் போட்டு உள்ளே நம்பர் எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? இது ஆபீஸ் மரம். உத்தரவு இல்லாம நான் இதும்மேலே மூச்சுக்கூட விடமாட்டேன். உத்தரவு வாங்கிட்டு வா, ஒரே தள்ளு."

மூக்காயி மழையிலேயே அலுவலகத்துக்கு ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். உருண்டு போய்ச் சேர்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. 'மழை காரணமாக இன்று விடுமுறை' என்று பலகை தொங்கியது.

அடுத்த முதல் மழையன்றும் அதே பலகை. அதற்கடுத்த முதல் மழையன்றும் அதே. மழை பெய்தால் அலுவலகம் கிடையாது, மழை பெய்யாவிட்டால் மூக்காயி கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் பக்தையும் ஒரே நாளில் கோயிலில் இருந்ததே இல்லை.

நான்காவது வருஷம் மூக்காயி ஒரு காரியம் செய்தாள். மழைக்கு ஒரு நாள் முன்னதாகவே மேலே வந்தாள். காய்ந்த மண் கல்லாகக் கிடந்தது. முட்டி முட்டி மூக்கில் ரத்தம் வந்தது. வெயிலில் அவள் தோல் வறண்டு கோடு கோடாக வெடித்தது. அப்படியே போய் வரிசையில் நின்றாள். முன்னால் நாற்பது பேர். அவள் முறை வந்தபோது எழுத்தர் ஆமை தலையை ஓட்டுக்குள்ளிருந்து முக்கால்வாசி வெளியே எடுத்தது.

"என்ன வேணும்?"

"ஒரு மரத்தைச் சாய்க்க உத்தரவு வேணும்யா. எங்க அக்கா அங்கிட்டு மாட்டிக்கிட்டா."

"எங்கே?"

"விரிசலுக்கு அங்கிட்டு."

ஆமை பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டியது. "விரிசல்னு ஒண்ணும் இல்லையேம்மா."

"தரையிலே இருக்குய்யா."

"தரையிலே ஆயிரம் இருக்கும். பதிவேட்டுல இருக்கா? இல்லாத விரிசலைத் தாண்ட மரம் எதுக்கு? முதல்லே விரிசல் இருக்குன்னு சார் வந்து பார்த்துச் சான்று குடுக்கணும். அப்புறம்தான் மரம்."

சார் என்பது அலுவலர் முதலையார். அன்றைக்கு அவருக்கு ஏதோ நல்ல மனநிலை, உடனே தலத்தணிக்கை செய்யக் கிளம்பினார். விரிசலைப் போய்ப் பார்ப்பார் என்று மூக்காயி நினைத்தாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நிலம் பிளந்தால் நகர்ந்திருக்க வேண்டும், நகர்ந்திருந்தால் அளவில் தெரியும் என்று சொல்லி, அளக்கும் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார். அலுவலக வாசற்படியிலிருந்து எல்லைக்கல் வரைக்கும் இழுத்துப் பிடித்து அளந்தார்கள். எல்லைக்கல் ஓடைக்கு இந்தப் பக்கத்திலேயே இருந்தது. நானூறு சங்கிலி. பழைய அளவும் நானூறு சங்கிலிதான்.

"நிலம் அணுவளவும் நகரவில்லை" என்று முதலையார் எழுதச் சொன்னார். "ஆகவே பிளவு இல்லை. மனுதாரருக்குக் கண்ணில் கோளாறு இருக்கலாம்."

மூக்காயிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, வாசலும் கல்லும் ஒரே தரைமேலேதானே இருக்கு. ரெண்டும் சேர்ந்து நகர்ந்தா அளவு எப்படிய்யா மாறும்?"

முதலையார் வாயைத் திறந்து, பற்களை ஒருமுறை காட்டி, மூடினார். "கல் நகராது. நகராத பொருளுக்குத்தான் எல்லைக்கல்னு பேர்" என்றார்.

ஓடுகிற பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு, முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் உள்ள தூரத்தை அளந்து, பேருந்து ஓடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் ஆசாமி அவர்தான். கடைசி ஆசாமி அவரில்லை என்பது உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போய்வந்த உங்களுக்குத் தெரியும்.

மனுவை நிராகரித்தாரா என்றால் அதுவும் இல்லை. நிராகரிப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத யோசிக்க வேண்டும். அதனால் நிலுவையில் வைத்தார். ஆமை ஒரு ரசீது கொடுத்தது.

"பின்பக்கம் படிச்சுக்கோ" என்றது.

ரசீதின் பின்பக்கம் ஒரே விதி இருந்தது: 'மனு நிலுவையில் உள்ள காலம் முழுவதும் மனுதாரர் உயிருடன் இருத்தல் வேண்டும்.'

"சாவக்கூடாதாய்யா?"

"கூடாது. நீ பாட்டுக்குச் செத்துட்டா வாரிசு யாரு, எவருன்னு எனக்குத்தான் வேலை. முடியற வரைக்கும் இருக்கணும்."

"எம்புட்டு நாளாகும்?"

"முடியற வரைக்கும் ஆகும்."

மூக்காயி விதிக்கு அடங்கிய பிறவி. சரி என்று ரசீதை மடித்துத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் திரும்புவதற்குள் நெட்டைக்கழுத்தாரின் தலை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. உடம்பு எங்கோ தோப்பில் நின்றது. வரிசையில் நிற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முதலையார் எழுந்து நின்றார். ஆமைகூட எழுந்து நிற்க முயன்றது.

"முட்டை வைக்க இடம் வேணும். மேற்கே தரை வெதுவெதுப்பா இருக்காமே. அங்கே நமக்கும் நம்ம சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரேயடியா மனை போட்டுக் குடுத்துருங்க" என்றார்.

மேற்கே தரை ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய இடத்து விவகாரத்தில் கேள்வி கேட்பது ஒழுங்கீனம். மதியச் சாப்பாட்டுக்கு முன் உத்தரவு தயாரானது. 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு பெரிய முத்திரையை ஆமை ஓங்கிக் குத்தியது.

மூக்காயி வெளியே அவர் காலைப் பிடித்தாள். "போறதுக்கு முந்தி அந்த மரத்தை ஒரு தள்ளு தள்ளிட்டுப் போங்கய்யா. எங்க அக்கா ஒத்தையிலே நிக்கா."

"உத்தரவு வந்துச்சா?"

"நிலுவையிலே இருக்கு."

நெட்டைக்கழுத்தார் சிரித்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. எந்நேரமும் கத்திக்கிட்டே திரிஞ்சா காரியம் ஆகுமா? என்னைப் பாரு. வந்தேன், வாங்கினேன், போறேன்." சொன்னபடியே போனார். அந்தக் கழுத்தில் ஒரு முழத்தை அசைத்திருந்தால் போதும். அது நடக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் மழை. மூக்காயி ஓடைக்கரைக்குப் போனாள். விரிசல் நாலு முழம் ஆகியிருந்தது. அடியில் எங்கிருந்தோ வந்த தண்ணீர் கிடந்தது. அவள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

"மனு என்னட்டி ஆச்சு?" என்று அக்கா கத்திக் கேட்டாள். கத்தினால்தான் கேட்டது.

"குடுத்திருக்கேன்க்கா. நிலுவையிலே இருக்காம்."

"இங்கிட்டும் ஒரு கிளை ஆபீஸ் திறந்திருக்காங்க. நானும் ஒண்ணு எழுதிப் போடுதேன்." பிளவே இல்லாத நிலத்துக்கு இரண்டு அலுவலகம் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம். "சாவக்கூடாதாமே, அப்படியாட்டி?"

"ஆமாக்கா. ரசீதுல போட்டிருக்கு. நீ செத்துராதே."

"நீயும்" என்றாள் அழகாயி.

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. அடுத்தடுத்த வருஷங்களில் அக்காவின் குரல் வெறும் சத்தமாகக் கேட்டது. பிறகு சத்தம் அலையோடு சேர்ந்துபோனது. பிறகு மூக்காயி கரையில் உட்கார்ந்து, கேட்காது என்று தெரிந்தே, நாள் முழுக்கக் கத்தினாள். அந்தத் துக்கத்தை என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. மேலே போகிறேன்.

மேற்கே தரை வெதுவெதுப்பாக இருந்ததற்குக் காரணம் ஒருநாள் வெளியே வந்தது. பூமி நீளநீளமாகக் கிழிந்து நெருப்புக் குழம்பைக் கொட்டியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, லட்சக்கணக்கான வருஷம். ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றி உறைந்தது. தக்காணத்தில் இன்றைக்கும் படிக்கட்டுப் படிக்கட்டாக நிற்கிறதே கரிய மலை, அதுதான். நெட்டைக்கழுத்தாரும் சொந்தக்காரர்களும் உத்தரவோடு மனை வாங்கிய இடம் சரியாக அதற்கு அடியில் இருக்கிறது. அதே சமயத்தில் வானத்திலிருந்து ஒரு மலை அளவு கல் வேறு உலகத்தின் மறுகோடியில் விழுந்தது. அது வேறு தாலுகா என்பதால் நம் அலுவலகம் அதைப் பதியவில்லை. புகை சூரியனை மறைத்தது. குளிர்ந்தது, பிறகு கொதித்தது. அந்த இனத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அலுவலகம் 'புகை காரணமாக விடுமுறை' என்று பலகையை மாற்றியது.

மூக்காயி மண்ணுக்குள் ரசீதோடு கிடந்தாள். சாகலாம் என்றுகூடத் தோன்றியது. விதி இடம் கொடுக்கவில்லை.

புகை கலைந்த பிறகு ஒரு வருஷம் மறுபடி ஒரு நாள் முன்னதாக மேலே வந்து, தோல் வெடிக்க, அலுவலகத்துக்குப் போனாள். மரம் எரிந்துவிட்டது. விரிசல் இருந்த இடத்தில் எதிர்க்கரை தெரியாமல் கடல் கிடந்தது.

"இப்பவாவது விரிசல் இருக்குன்னு ஒத்துக்கிடுதீங்களாய்யா?"

ஆமை புதிய பக்கத்தைக் காட்டியது. "'பண்டுதொட்டு இருந்துவரும் கடல்'னு பதிஞ்சாச்சு. இப்ப அது நீர்நிலை. நீர்நிலையிலே மரம் போடறது ஆக்கிரமிப்பு. அதுக்கு மேலே உன் மரமும் எரிஞ்சு போச்சு. எரிஞ்ச மரத்தைச் சாய்க்க உத்தரவு போட முடியாது. மாற்று மரம்னு குறிப்பு எழுதி அனுப்பறேன். நீ போயிட்டு அப்புறம் வா."

அப்புறம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்குப் போகப் போகத் தெரிந்தது.

நிலம் வடக்கே ஓடியது. அன்றைய உலகம் ஒரே வெக்கை. துருவத்தில்கூடப் பனிக்கட்டி கிடையாது, அங்கே மரம் வளர்ந்து முதலை மேய்ந்தது. இந்தியா பூமியின் நடுக்கோட்டுக்கு வந்தபோது ஓயாத மழையில் காடு மண்டியது. மரங்கள் வடித்த பிசினில் எறும்பும் ஈயும் சிக்கி, இன்றும் கண்ணாடிக்குள் வைத்தது மாதிரி இருக்கின்றன. மூக்காயி அடுத்த முறை வந்தபோது, அவள் மனு மிதவெப்பப் பிரிவிலிருந்து வெப்பமண்டலப் பிரிவுக்கு மாற்றப்பட்டதாகச் சொன்னார்கள்.

"நிலம்தான் நகரலையேய்யா. பின்னே பிரிவு எப்படி மாறும்?"

"நிலம் நகரலை" என்றது ஆமை. "வெப்பமண்டலம் நம்மகிட்டே வந்திருக்கு."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த அலுவலகத்தில் கண்டமே நகர்ந்தாலும் பதிவேடு நகராது.

கடைசியில் இந்தியா போய் ஆசியாவின்மேல் முட்டியது. நடுவில் கிடந்த பழங்கடலின் அடித்தரை, ஓரத்தில் தள்ளிய பாய் போலச் சுருண்டு மேலே எழுந்தது. முதலையார் வழக்கம்போல வாசற்படியிலிருந்து, இந்த முறை வடகோடியில் இருந்த இன்னொரு எல்லைக்கல் வரைக்கும் அளந்தார். வரலாற்றில் முதல்முறையாக அளவு குறைந்தது. ஆயிரக்கணக்கான சங்கிலி குறைந்தது. கல்லைத் தேடினார்கள். அது தலைக்குமேல் மேகத்துக்குள் இருந்தது.

முதலையாருக்கு வியர்த்தது. மூன்று நாள் கூட்டம் நடந்தது. நான்காம் நாள் அறிக்கை வந்தது: 'நிலம் குறையவில்லை. இடவசதி கருதிச் செங்குத்தாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளது.' ஐந்தாம் நாள் மலைக்குத் திறப்பு விழா வைத்தார்கள். அலுவலகத்தின் நெடுநாள் உழைப்பால் இமயம் எழுந்தது என்று முதலையார் பேசினார். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. கடலடியில் செத்துக் கல்லாகி மலையோடு சேர்ந்து உச்சிக்குப் போய்விட்ட கிளிஞ்சல்களுக்கு, அனுமதியின்றி மலைமேல் குடியேறியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. இன்றுவரை பதில் வரவில்லையாம்.

மலை எழுந்ததும் காற்றின் போக்கு மாறியது. கடற்காற்று மலையில் முட்டித் திரும்ப, பருவமழை பலத்துப் பிடித்துக்கொண்டது. மழை கூடியதால் விடுமுறையும் கூடியது. முன்பு ஒரு நாள் தொங்கிய பலகை இப்போது வாரக்கணக்கில் தொங்கியது.

மூக்காயி அதற்குப் பிறகு நெடுங்காலம் மனு பற்றிக் கேட்கப் போகவில்லை. வெடித்த தோல் ஆறவே சில லட்சம் வருஷம் பிடித்தது. ஆனால் அக்கா நினைப்பு ஆறவில்லை. கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று, சமீபத்தில் ஒரு கோடையின் முடிவில், மழைக்கு ஒரு நாள் முன்னதாக மண்ணைப் பிளந்து வந்தாள். வரிசையில் யாரும் இல்லை. ஆமை அவளைப் பார்த்ததும் சிரித்தது. அதன் முகத்தில் சிரிப்பை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உனக்கு நல்ல காலம் பொறந்திருச்சு. உத்தரவு வந்தாச்சு. கேளு: 'மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்பட்டு, நாலு முழ அகலமுள்ள பிளவின் குறுக்கே, ஐந்து முழ நீளமுள்ள மரம் ஒன்றை இட அனுமதிக்கப்படுகிறது.' இங்கே ஒரு கையெழுத்துப் போடு."

"அந்த இடம் இப்ப நாலு முழமா இருக்குய்யா? கப்பல்லே போனாலே நாள்கணக்கு ஆகுமே."

"நீ கேட்டது மரம். மரம் குடுத்தாச்சு. அகலத்தைப் பத்தி நீ தனியா கேக்கலை." ஆமை இழுப்பறையைத் துழாவி முத்திரையை எடுத்து வாயால் ஊதியது. "நெட்டைக்கழுத்தாருக்குக் குத்தினதோட சரி. அப்புறம் இதை எடுத்தது ரொம்பக் குறைச்சல். மை காஞ்சு கிடக்கு."

மூக்காயி எழுதுகோலுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அவரு இப்ப எங்கேய்யா இருக்காரு?"

"மனைக்கு அடியிலே."

"வேறே யாருக்கெல்லாம் இந்த முத்திரை குத்தினீங்க?"

ஆமை பழைய பட்டியலைப் பிரித்துப் படித்தது. நெட்டைக்கழுத்தார் வகையறா, தீர்ந்தது. கடலில் திரிந்த சுருள் ஓட்டு நத்தைகள், தீர்ந்தது. கொக்கு மாதிரிப் பறந்த தோல் இறக்கைக்காரர்கள், தீர்ந்தது. எல்லாருக்கும் கேட்டது கிடைத்திருந்தது. ஒருவரும் இல்லை.

"நீங்க எப்படிய்யா இன்னும் இருக்கீங்க?"

"எனக்கென்ன, என் பதவி உயர்வு ஃபைல் மேலே போயிருக்கு. இன்னும் திரும்பி வரலை. சாருக்கும் அப்படித்தான். அதோ மூலையிலே கரப்பான் உக்காந்திருக்கே, அது மனு போட்டு முப்பது கோடி வருஷம் ஆகுது. அதோட ஃபைலை நான் இன்னும் திறக்கக்கூட இல்லை. எப்படித் தெம்பா இருக்கு பாரு." சொல்லிவிட்டு ஆமை மனுக்கட்டைப் புரட்டியது. "இன்னொண்ணு. உன் மனுவோட ஒரு மனு சேர்த்துத் தைச்சிருக்கு. கிளை ஆபீசிலேருந்து கடலாமைத் தபாலிலே வந்தது. அழகாயின்னு பேர் போட்டிருக்கு. ரெண்டுக்கும் பொருள் ஒண்ணுங்கறதால, உன்னுதை முடிச்சா அதுவும் தானா முடிஞ்சுரும்."

மூக்காயி மனுக்கட்டை எட்டிப் பார்த்தாள். "அவ இருக்காளாய்யா?"

"நிலுவையிலே இருக்குன்னா இருந்துதானே ஆகணும். விதி அப்படி."

அக்கா இருக்கிறாள். இத்தனை கோடி வருஷமாக, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரு தீவில், தன்னைப் போலவே மண்ணுக்குள் ரசீதை வைத்துக்கொண்டு, செத்துராதே என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறாள். மூக்காயி அழுதாள். வெடித்த தோலில் கண்ணீர் பட்டு எரிந்தது. அதை அவள் துடைக்கவில்லை. எழுதுகோலை வாங்கினாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தாண்டி, அதற்குக் கீழே எழுதினாள்: 'அனுமதித்த மரத்தின் நீளம் போதவில்லை. மறு அளவை கோருகிறேன்.'

ஆமைக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? ஏழு கோடி வருஷமா கேட்டதைக் கையிலே குடுத்தா வேண்டாங்கறியே. இனிமே எல்லாம் முதல்லேருந்து வரும். சார் மறுபடி அளக்கணும்."

"அளக்கட்டும்யா. வாசற்படியிலேருந்து கல்லு வரைக்கும் நல்லா நிதானமா அளக்கட்டும்."

"எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? பிரிஞ்சு போன கண்டமெல்லாம் சுத்திச் சுத்தி மறுபடி ஒண்ணாச் சேர்ற வரைக்கும் ஆகும்."

"அம்புட்டு நாள் ஆனாப் போதும்யா" என்றாள் மூக்காயி. "அப்புறம் மரமே வேண்டாம்."

ஆமைக்கு அது புரியவில்லை. முத்திரையை இழுப்பறைக்குள் போட்டது, புதிய ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தது. அதற்குள் வெளியே முதல் தூறல் விழுந்தது. பலகையை எடுத்து மாட்டிவிட்டு, ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. மூக்காயி ரசீதைத் தாடைக்கு அடியில் வைத்து, ஈர மண்ணைப் பின்னங்காலால் தள்ளித் தள்ளி, சாவகாசமாகக் கீழே இறங்கினாள்.

நீதி: சீக்கிரம் நியாயம் கிடைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடாதீர்கள். அப்படிக் கிடைத்தவர்களின் எலும்புகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை.